வைக்கோலில் விளைந்த சிப்பி



கடலோரத்தில் பிறந்த நமக்குச் சிப்பி என்றவுடன் கடற்சிப்பியே நினைவுக்கு வரும். வைக்கோலில் விளையும் சிப்பியும் ஒன்று உண்டு. அது எங்கள் குடும்பத்திற்குக் கைகொடுத்த விதத்தை உங்களிடம் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் கணவர் வளைகுடா வேலையை இழந்து ஊர் திரும்பியபோது, கையிருப்பு மூன்று மாதங்களுக்கே போதுமானதாயிருந்தது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழிலாகக் காளான் வளர்ப்பைத் தேர்ந்தேன். "நாய்க்குடையை யாரம்மா வாங்குவார்?" என்றார் மாமி. அவர் அச்சம் நியாயமானதே; தானாக முளைப்பவற்றுள் உயிரைப் பறிக்கும் நச்சுக்காளான்களும் உண்டு. நாம் வளர்ப்பதோ ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய தூய வித்திலிருந்து விளைவது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-ஆம் ஆண்டிலேயே நெல் வைக்கோலில் இதனை வளர்த்துக் காட்டியவர்களுள் ஒருவர் ஜாகியா பானு என்னும் பெண் விஞ்ஞானி என்றறிந்தபோது எனக்குத் துணிவு பிறந்தது.

மகளின் கம்மலை அடகு வைத்துப் பத்துப் படுக்கைகள் அமைத்தேன். பத்தே நாட்களில் ஏழு படுக்கைகளில் பச்சைப் பூசணம் படர்ந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை. வித்து விற்றவரை முதலில் குறை கூறினேன். தவறு என்னுடையதென்று பிறகே விளங்கியது. வைக்கோலில் ஈரம் மிகுந்திருந்தது.

செய்முறையைக் கேளுங்கள். வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நன்னீரில் நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பின் நிழலில் உலர்த்த வேண்டும். கையால் இறுகப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். பாலித்தீன் பையில் வைக்கோலும் வித்தும் மாறி மாறி அடுக்கி, வாயைக் கட்டி, காற்றுக்காகப் பக்கங்களில் இரு துளைகளிட்டு, இருண்ட அறையில் தொங்கவிட வேண்டும். பதினைந்து முதல் இருபது நாட்களில் வெண்ணிழைகள் முற்றும் படரும். பையைக் கிழித்து நாள்தோறும் நீர் தெளித்தால், சில நாட்களில் மொட்டுகள் தோன்றி விரியும். ஒரே படுக்கையில் மூன்று முறை அறுவடை செய்யலாம்.

கடற்காற்றின் ஈரமே போதுமென்று எண்ணி ஏமாறாதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் நம் ஊர் இதற்கு ஏற்றது. கோடையிலோ ஓலைக்குடிலுக்குள் மணல் பரப்பி நனைத்து, ஈரச்சாக்கு தொங்கவிட்டும் விளைச்சல் குன்றியது. இப்போது அம்மாதங்களில், வெப்பத்தைத் தாங்கும் பால்காளானை வளர்க்கிறேன். அதன் ஏ.பி.கே. 2 இரகம் நம் அண்டையிலுள்ள அருப்புக்கோட்டை ஆய்வு நிலையம் தந்தது.

இன்னொரு எச்சரிக்கை. காளானின் விளிம்பு சுருளுமுன் பறித்துவிடுங்கள். முற்றினால் நுண்வித்துகள் காற்றில் பறந்து இருமலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். மூக்கைத் துணியால் மூடாமல் குடிலுக்குள் செல்லாதீர்கள். மாமிக்கு இளைப்பு வந்த பின்னரே நான் இதனைக் கற்றேன்.

இரண்டாம் பருவத்தில் கம்மலை மீட்டோம், அல்ஹம்துலில்லாஹ். வளைகுடாச் சம்பளத்திற்கு இது ஈடாகாது; ஆயினும் அடுப்பு அணையவில்லை. காளான் விரைவில் வாடும் பொருள். ஆகவே வாங்குவோரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். நகையை அடகு வைக்காமல், நான்கே படுக்கைகளுடன் தொடங்குங்கள்!