பாண்டிக்கு இன்னொரு வாய் வேண்டாம்!

உடும்புன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உடும்புப்பிடி... அப்புறம் கயிறு கட்டிக் கோட்டைச்சுவர் ஏறின கதை... அவ்வளவுதானே? எனக்கு இப்போ ஞாபகம் வர்றது கரப்பான்பூச்சி! பிளாஸ்டிக் டப்பாவுல கேரட் துண்டைக் கடிச்சுக்கிட்டு, என் கட்டிலுக்குக் கீழே குடித்தனம் நடத்தின இருநூறு கரப்பான்பூச்சி.

மேட்டர் இதுதான் பாஸ். நான் அமெரிக்காவுல, டெக்ஸாஸ்ல எம்.எஸ். படிக்கிறேன். என் ரூம்மேட் இந்த ஊர்ப் பையன். திடீர்னு ஒருநாள் 50 டாலர் கொடுத்து ஒரு உடும்புக்குட்டியை வாங்கிட்டு வந்து நின்னான். 'சவானா மானிட்டர்'னு ஆப்பிரிக்க உடும்பு. இங்கே வளர்க்கறது சட்டப்படி ஓகே. நம்ம ஊர்ல அந்த ஆசையே வேண்டாம்... 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல நம்ம உடும்பு முதல் அட்டவணையில இருக்கு. பிடிச்சாலோ வளர்த்தாலோ குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில்!

வாங்கின ரெண்டாவது வாரமே அவனுக்கு வேற ஊர்ல இன்டர்ன்ஷிப். "பத்து வாரம் பார்த்துக்கோ"ன்னு என் தலையில கட்டிட்டுக் கிளம்பிட்டான். முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கிற வீட்டுல பிறந்தவன் நான்! ஒரு சாண் நீளம், 48 கிராம். கிட்டப் போனா தொண்டையை உப்பிக்கிட்டு பிரஷர் குக்கர் மாதிரி 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம். கோபத்தைப் பார்த்து நான்தான் பாண்டின்னு பேர் வச்சேன்.

அவன் விட்டுட்டுப் போன சொத்து ரெண்டு. ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் பக்கத்துல ஒரு பாக்கெட் எலிக்குட்டி. கடையில கொடுத்த ஒரு நோட்டீஸ். எலிக்குட்டி, அவிச்ச முட்டை, டின்ல வர்ற பூனைத் தீனி... எது கொடுத்தாலும் சாப்பிடும்னு அதுல போட்டிருந்தது. சாப்பிடும்தான். அதுதானே பிரச்னையே!

யுனிவர்சிட்டி லைப்ரரியில தேடினப்போ டேனியல் பென்னட்டுங்கிற ஆராய்ச்சியாளர் கிடைச்சார். கானா நாட்டுக்கே போய், காட்டுல இந்த உடும்பு என்ன சாப்பிடுதுன்னு பின்னாடியே அலைஞ்சு பார்த்தவர். அங்கே குட்டிகள் குடியிருக்கறதே சுவர்க்கோழிகள் தோண்டின வளையிலதான். சாப்பாடும் அதே சுவர்க்கோழிதான்! இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு கிரிக்கெட். (மட்டையும் பந்தும் இல்லாத கிரிக்கெட்!) கூடவே வெட்டுக்கிளி, வளர்ந்த பிறகு மரவட்டை, வண்டு, தேள். எலிங்கறது அபூர்வமா மாட்டினா உண்டு.

இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார வச்சு யோசிக்க வச்சது. அங்கே மழைக்காலத்துல பூச்சி கொட்டிக் கிடக்கும். அப்போ தின்னு தின்னு உடம்புல கொழுப்பு சேர்த்துக்கும். கோடையில பெருசா எதுவும் கிடைக்காது. சேர்த்து வச்ச கொழுப்பைக் கரைச்சு மாசக்கணக்குல ஒட்டும். சரி... கண்ணாடிப் பெட்டிக்குள்ள கோடை எங்கே வரும்? அங்கே தினமும் மழைக்காலம்தான். பசியோ இல்லையோ, கண்ணுல பட்டதை முழுங்கச் சொல்ற புத்தி மட்டும் மாறல. எலியும் முட்டையுமா கொட்டினா உடம்பு பலூனாகும், ஈரல்ல கொழுப்பு அடைக்கும், அல்பாயுசுல போயிடும். பார்க்கறவங்க 'ஆஹா, என்னமா வளர்த்திருக்கான்'னு பாராட்டுவாங்க!

அதனால பாண்டிக்குப் பூச்சி மெனுதான்னு முடிவு பண்ணிட்டேன். கரப்பான் டப்பா கட்டிலுக்குக் கீழே வந்த கதை இதுதான். வீட்டுல ஓடுற ரகம் இல்லீங்க... டூபியான்னு கடையில விக்கிற, வழவழ சுவர்ல ஏறத் தெரியாத சாதுக் கரப்பான்.

முதல் மூணு நாள் பாண்டி எதையும் தொடல. மண்ணுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வாலை மட்டும் காட்டினான். எனக்குச் சோறு இறங்கல. நாலாம் நாள் தட்டுல பூச்சியைப் போட்டுட்டு, பெட்டி மேல பெட்ஷீட்டை மூடிட்டு, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். பிளந்த நாக்கு வெளியே வந்து காத்தைத் தடவுது... அப்புறம் மூக்கு... அப்புறம் 'லபக்'! ரிசல்ட் நாள்ல நம்பர் பார்த்த மாதிரி குதிச்சேன்.

பூச்சியை அப்படியே தூக்கிப் போடக்கூடாது. முந்தின நாள் அதுக்குக் கீரை, கேரட்னு நல்ல சாப்பாடு போடணும். அதோட வயித்துல என்ன இருக்கோ, அதுதானே பாண்டிக்கும் போகுது? பூச்சியில பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி. அதனால கால்சியம் பவுடர்ல ஒரு புரட்டு... பஜ்ஜிக்கு மாவு தோய்க்கற மாதிரி! கால்சியம் குறைஞ்சா குட்டிக்குத் தாடை ரப்பராகும், கால் வளையும். உடம்புல கால்சியம் சேர வைட்டமின் டி வேணும், அதுக்காகப் புற ஊதா விளக்கு வேற. பூச்சியோட அகலம், பாண்டியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற இடைவெளியைத் தாண்டக்கூடாது. கையால ஊட்டற ஆசையும் கூடாது... விரல்தான் சாப்பாடுன்னு பாடம் ஆயிடும். நீளமான இடுக்கிதான். கால் மணி நேரத்துல சாப்பிடாம மிச்சம் இருக்கற சுவர்க்கோழியை வெளியே எடுத்துடணும். ராத்திரி தூங்கற குட்டியை அது கடிச்சு வைக்கும். கடைசியா சோப்புப் போட்டுக் கை கழுவணும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

சாப்பாடு அளவுக்கு முக்கியம் சூடு. விளக்குக்கு நேர் கீழே இருக்கற கல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல கொதிக்கணும். நம்பமாட்டீங்க, பாண்டி அதுல தோசை மாதிரி ஒட்டிக்கிட்டுப் படுத்திருப்பான். அந்தச் சூடு இல்லேன்னா தின்னது செரிக்காம வயித்துலயே அழுகும்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "கரப்பானா? கர்மம்... கர்மம்!"னு அஞ்சு நிமிஷம் திட்டு. ஆறாவது நிமிஷம், "எத்தனை போட்டே? அவ்வளவுதானா? இன்னும் ரெண்டு போடேன்டா, குழந்தை பாவம்!" என்னை வளர்த்த ஃபார்முலா அப்படியே பாண்டி மேல பாயுது பாருங்க.

அம்மாவைக்கூடச் சமாளிச்சுட்டேன். கிளாஸ்மேட்ஸ் நாலு பேர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உயிரோட ஒரு எலியை டப்பாவுல வாங்கிட்டு வந்துட்டாங்க. பாண்டி அடிச்சுச் சாப்பிடறதை வீடியோ எடுத்து நெட்ல போடணுமாம். எலி திருப்பிக் கடிச்சா பாண்டிக்குக் கண் போகும்னு சொன்னேன். "ஒரே ஒரு தடவைடா"ன்னாங்க. முடியாதுன்னுட்டேன். அதுல ஒருத்தன் இப்பவும் சரியாப் பேசறதில்லை.

ஆகஸ்ட்ல ரூம்மேட் வந்தான். ஃப்ரீசர் பாக்கெட் பிரிக்காம இருந்தது. கிச்சன் தராசுல பாண்டி 170 கிராம். "இவ்வளவுதானா?"ன்னு முகம் சுருங்கிடுச்சு. நெட்ல அதே வயசுக் குட்டிங்க உருண்டையா இருக்கே! கோபப்படாம பென்னட் எழுதினதைக் கையில கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அவனே இடுக்கியைக் கேட்டு வாங்கினான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. கூண்டுல இந்த உடும்பு முட்டை போட்டுப் பெருகறது ரொம்ப அபூர்வம். அதனாலதான் கானா, டோகோ, பெனின் நாடுகள்ல இருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல பெட்டி கட்டி அனுப்பறாங்க. பாண்டியும் அப்படி வந்தவன்தான், திருப்பி அனுப்ப வழியில்லை. மூணு அடி வளருவான். எட்டடி நீளப் பெட்டி, தோண்ட ரெண்டடி ஆழத்துக்கு மண், பத்து வருஷத்துக்கு மேல சாப்பாடு. எங்க ரூம்ல என் கட்டிலை எடுத்தாத்தான் அந்தப் பெட்டி நுழையும். வர்ற மே மாசம் ரெண்டு பேருக்கும் படிப்பு முடியுது. யாருக்கு எந்த ஊர்ல வேலைன்னு தெரியாது. இதை நாங்க இன்னும் பேசவே இல்லை. இந்த ஞாயித்துக்கிழமை, பாண்டி சாப்பிட்டுக் கல் மேல படுத்ததும், பேசறதா இருக்கோம்.