ஜன்னலைச் சாத்திய மத்தியானம்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். காலையில் கணு வைத்த கையோடு அம்மா ஊறுகாய் ஜாடியிலிருந்து தயிர்ச் சட்டிவரை தர்ப்பை போட்டுவிட்டாள். கரமனையில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் பதினோரு மணிக்கே சாத்தப்பட்டன. "கிரகணம் விடறவரைக்கும் வாசப்பக்கம் தலை நீட்டாதே, உனக்கு வீஸிங் வேற." ஒன்றேகால் மணி சுமாருக்குச் சூரியன் நெருப்பு வளையமாகி ஏழு நிமிடம் நின்றது. நான் டிவியில்தான் பார்த்தேன்.

அதே நேரத்தில் தும்பாவில், 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய கடற்கரையில், விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தினர் தரையை ஒட்டிய காற்றில் ஓசோனை அளந்துகொண்டிருந்தார்கள். வெயில் மங்க, ஓசோனும் குறைந்திருக்கிறது. பின்னால் இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஓசோன் என்றதும் வானத்துக் குடைதான் நினைவுக்கு வரும். உயரே இருந்தால் காவல். மூக்கருகே வந்தால் நுரையீரலை எரிக்கும் வாயு. எந்த பஸ்ஸின் புகைக்குழாயிலிருந்தும் இது நேரடியாக வருவதில்லை. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றின் ஆவியும் வெயிலில் வெந்து உண்டாவது. லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தில் இந்தச் சமையலை 1950-களில் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட். விசித்திரம் என்னவென்றால், புகைக்குழாயிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலுள்ள ஓசோனைத் தின்றும்விடுகிறது. அதனால் நெரிசலான சாலையைவிடத் தள்ளியிருக்கும் இடத்தில் ஓசோன் அதிகமாக இருப்பதுண்டு.

சிறு வயதிலிருந்து எனக்கு இழுப்பு. சாலை பஜார் லாரிப் புகைதான் எதிரி என்று தீர்மானித்து, லீவு நாட்களில் சாப்பிட்டதும் சங்குமுகத்துக்குப் போய்விடுவேன். கடற்காற்று சுத்தம் என்பது எங்கள் வீட்டு வேதம். தும்பாவின் அளவீடுகளோ வேறு கதை சொல்கின்றன. பகலில், கடற்காற்று வீசும் நேரத்தில் ஓசோன் ஏறுகிறது. இரவில் நிலக்காற்று நகரத்தின் புகையோடு வரும்போது இறங்குகிறது. மழைக்காலத்தில் குறைவு, குளிர்காலத்தில் அதிகம். குளிர்காலம் என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்லும் அந்தப் பளிச்சென்ற டிசம்பர், ஜனவரி மத்தியானங்களில்தான் நான் மணலில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறேன்.

என் இழுப்புக்கு ஓசோன்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. லாரிப் புகைக்கும் நான் மன்னிப்பு வழங்கிவிடவில்லை. அது இல்லாமல் பகலில் சமையலே ஏது? ஆனால் சங்குமுகத்துக்கு இப்போது இருட்டிய பிறகுதான் போகிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "பார்த்தியா, அன்னிக்கு ஜன்னலைச் சாத்தினது நல்லதாப் போச்சு" என்றாள். ஓசோன் குறைந்த ஒரு மத்தியானத்தில் பார்த்துத்தான் சாத்தினோம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.