பொத்தான் தின்னவில்லை

வாப்பா வந்த இரவு பஸ் ஹல்துமுல்லையில் நின்றபோது சுபஹ் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. வாப்பா தையல்காரர். மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில் லைனிங் துணி, நூல், பொத்தான், சிப் எல்லாம் வாங்கி வருவார். அன்று அந்தப் பைகளோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தது. இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா என்று பஸ் வளைந்து வளைந்து ஏறிய வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தாராம்.

பெட்டிக்குள் ஓர் ஆமைக்குஞ்சு. மாரி பிஸ்கட்டை விடச் சிறியது. பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்புக் கோடு. தம்பி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கோட்டுப் பொத்தான் மாதிரி ஈக்கி" என்றான். அன்றிலிருந்து அதன் பெயர் பொத்தான்.

உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு தம்பி தானாக வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது.

தம்பி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்திருந்தான். வீட்டில் யாரும் அவனை ஏசவில்லை. ஆனால் பெறுபேறு வந்த மறுநாளே மாமா வந்து, ஆறாம் ஆண்டுப் பாடத்துக்கு இப்போதே வகுப்புப் பார்க்கச் சொன்னார். நான் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு, அவன் பிழைவிட்ட கணக்குகளை விளக்க உட்கார்ந்தேன். அவன் கொப்பியையே பார்த்துக்கொண்டிருப்பான். பென்சிலைத் தொட மாட்டான். "அடம் பிடிக்கிறான்" என்று உம்மாவிடம் சொன்னேன். வாப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகுதான் இந்தப் பெட்டியோடு வந்தார்.

நாளுக்கு இரண்டு உருண்டை உணவு போட்டால் போதும், வேறு வேலை இல்லை என்று விற்றவர் சொல்லியிருந்தார். பேசனில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வைத்து, இரண்டு உருண்டை போட்டோம். பொத்தான் திரும்பியும் பார்க்கவில்லை. புது இடம், பயந்திருக்கும் என்று விட்டோம். மறுநாளும் அப்படித்தான். சோற்றுப் பருக்கை போட்டோம். பாண் துண்டு போட்டோம். கூனி இறாலை ஊறவைத்துப் போட்டோம். தண்ணீர் கலங்கியதே தவிர ஒன்றும் குறையவில்லை. அது கல்லின் ஓரத்தில் கால்களை உள்ளிழுத்துக்கொண்டு அப்படியே கிடக்கும்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பதினோராம் நாள், பிடிவாதத்தை உடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, பொத்தானைக் கையில் பிடித்து, பற்குச்சியால் வாயைத் திறக்கப் பார்த்தேன். அது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நான் விடவில்லை.

தம்பி என் கையைப் பிடித்தான். "தாத்தா, விடுங்க. அதுக்கு ஏலாம ஈக்கும்."

அன்று முழுக்கப் பொத்தான் தலையை வெளியே நீட்டவில்லை. இரவு உம்மா அந்தப் பேசனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பூனை ஹதீஸ் ஞாபகம் வருது மகள்." எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தந்த ஹதீஸ். பூனையை அடைத்துவைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டாள். நாங்கள் உணவு கொடுத்தோமே என்று எனக்குள் வாதாடினேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை மலை தொடங்குகிறது. அங்கே லயத்திலிருந்து ஓர் அக்கா காலையில் பால் கொண்டுவருவார். மறுநாள் அவர் பேசனுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். "என்னம்மா இது, தண்ணி ஐஸா கெடக்கு! இந்தக் குளிர்ல எங்க கன்னுக்குட்டிக்கே சாக்கு போத்தித்தான் வைக்கிறோம். இது எப்படித் திங்கும்?"

நான் அப்படியே நின்றேன். குளிர்க்குருதி விலங்குகளின் உடல் வெப்பநிலை சூழலோடு மாறும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். டிசம்பர் மாதத்து ஹல்துமுல்லையில், சீமெந்துத் தரையில், ஜன்னலுக்குக் கீழே பேசனை வைத்தவளும் நான்தான்.

விஞ்ஞான ஆசிரியையிடம் ஒரு வெப்பமானி இரவல் வாங்கினேன். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் 16 பாகை. அன்றே வாப்பா கடையைப் பூட்டிவிட்டு எங்களை அரச கால்நடை வைத்தியரிடம் கூட்டிப்போனார். அங்கே எல்லோரும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து வாங்க வந்திருந்தார்கள். தம்பி பெட்டியைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். வைத்தியர் சிரிக்கவில்லை. பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பொறுமையாக விளக்கினார்.

இது நம் நாட்டு ஆமை அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்த செங்காது ஆமை. குஞ்சுகளுக்குத் தண்ணீர் 26, 27 பாகையாவது இருக்க வேண்டும். ஏறிக் காய ஓர் இடம் வேண்டும், அங்கே 30 பாகைக்கு மேல் சூடு வேண்டும். உடல் குளிர்ந்தால் நொதியங்கள் சரியாக வேலை செய்யாது. விழுங்கினாலும் உணவு சமிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப்போகும். அதனால் பசியே வராது. "தின்ன மாட்டேன் என்று சொல்லவில்லை. தின்ன முடியாமல் இருக்கிறது. வாயைத் திறக்கப் பார்க்க வேண்டாம். ஆமை சில கிழமை தாங்கும். முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு" என்றார். கண் இமைகளைப் பார்த்தார். காய்ந்த இறால் மட்டும் தின்று வளரும் குஞ்சுகளுக்கு விற்றமின் ஏ குறைந்து இமை வீங்கிவிடுமாம். கண் தெரியாததாலும் தின்னாதாம். பொத்தானுக்கு அந்த வருத்தம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொன்றும் சொன்னார். ஓடு பலமாக வளர வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி கழியூதாக் கதிர்களைத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் காட்டும் வெயில் போதாது. ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், பேசனைக் குசினியில் கழுவக்கூடாது. ஆமைகளில் சல்மொனெல்லா கிருமி இருக்கும். ஆமைக்குஞ்சுகளால் பிள்ளைகளுக்கு நோய் வந்ததால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975ஆம் ஆண்டு தடை செய்தார்களாம். சொந்த நாட்டிலேயே விற்கக்கூடாத அளவில் இருந்த ஒன்று எங்கள் வீட்டுப் பேசனுக்கு வந்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் வேலை மாறியது. வாப்பா கடை கடையாகக் கேட்டு 60 வாட் குண்டு பல்ப் ஒன்று வாங்கிவந்தார். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. தையல் அறை மூலையில் பேசனை வைத்து, செங்கல் ஒன்றைப் படி போலப் போட்டு, அதற்கு மேலே எட்டாத உயரத்தில் பல்பைக் கட்டினார். மறுபக்கம் நிழலாக இருந்தது. சூடு கூடினால் விலகிப் போக அதற்கும் இடம் வேண்டுமே. தண்ணீரை ஒரேயடியாகச் சூடாக்காமல், வெந்நீர்ப் போத்தல்களைப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். மின்சாரக் கட்டணத்தை நினைத்து உம்மா பெருமூச்சு விட்டார். ஆனால் தஹஜ்ஜுதுக்கு எழும்பும்போது போத்தலை மாற்றியதும் உம்மாதான்.

தம்பி ஒரு கொப்பியில் கோடு போட்டு, காலை, பகல், இரவு என்று பாகை எழுதினான். காலையில் மூடுபனி விலகி வெயில் விழும்போது பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், பாதியை வாழை இலையால் மூடி, காகம் வராமல் காவல் இருப்பான். நான் பக்கத்தில் போனால், "இன்டைக்கு 25 தாத்தா" என்று மட்டும் சொல்வான். நானும் வினாத்தாளைப் பற்றிப் பேசவில்லை. அந்த நாட்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆறாம் நாள் பொத்தான் கல்லில் ஏறிக் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. ஒன்பதாம் நாள் மழை விட்ட பின்னேரம். தம்பி தேயிலைக் கன்றுகளுக்கு அடியில் மண்புழு ஒன்று எடுத்துவந்தான். உம்மா மஃரிப் தொழுதுகொண்டிருந்தார். தம்பி சின்னத் துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டான். ஆமை தரையில் வைத்ததை விழுங்காது, தண்ணீருக்குள்தான் தின்னும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பொத்தான் தலையைத் திருப்பியது. கொஞ்ச நேரம் பார்த்தது. கழுத்தை எறிந்து கவ்வியது. முன்காலால் இழுத்து இழுத்து விழுங்கியது.

தம்பி சத்தம் போடவில்லை. உம்மா ஸலாம் கொடுக்கும் வரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். பிறகு, "உம்மா, தின்டுட்டு!" என்று கத்திய சத்தம் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இங்கேயே கதையை முடித்திருப்பேன். ஆனால் பிறகு தம்பி ஒரு கேள்வி கேட்டான். எங்கள் ஊரிலிருந்து தெளிந்த நாளில் தெற்கே பார்த்தால் உடவளவைப் பக்கத்துச் சமவெளி தெரியும். அங்கே சூடு, குளம், எல்லாம் இருக்கிறது. "நாங்க இதைக் கொண்டுபோய் அங்க விட்டா நல்லம்தானே?" என்றான். அந்தப் பூனை ஹதீஸை அவனும் கேட்டிருந்தான். தேடித் தின்ன விடுவதுதானே கருணை?

நான் இம்முறை தெரியும் என்று சொல்லவில்லை. வாசிகசாலையில் தேடிப் படித்தேன். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. வளர்த்தவர்கள் அலுத்துப்போய் ஆற்றிலும் குளத்திலும் விட்டுவிட, அது போன இடமெல்லாம் அந்த ஊர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. நம் நாட்டு நன்னீரில் இரண்டு இன ஆமைகள்தான் இருக்கின்றன. சிங்களத்தில் கிரி இப்பா, கல் இப்பா என்பார்கள். அவற்றைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது என்று சட்டம் காக்கிறது. பொத்தானைக் குளத்தில் விட்டால் எங்கள் சுமையை அவற்றின் முதுகில் ஏற்றியதாகிவிடும்.

"அப்ப எவ்வளவு காலம் வெச்சிக்கோணும்?" என்று வாப்பா கேட்டார். 20, 30 வருடம் வாழும், ஓர் அடி நீளத்துக்கும் வளரும் என்றேன். வாப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். "மகனுக்கு மனசு ஆறட்டும் என்டு வாங்கினேன். விசாரிச்சு வாங்கியிருக்கோணும்" என்றார். வாப்பா தன் பிழையை எங்கள் முன்னால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, "வாங்கினது நாங்க. வெச்சிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

இன்று பொத்தான் என் உள்ளங்கை அளவு. இப்போது வல்லாரையும் கங்குங் கீரையும் கூடத் தின்னும். வளர வளர இலைகுழைதான் அதிகம் தின்னுமாம். பெட்டியில் அடங்கும் அழகைப் பார்த்து ஆமைக்குஞ்சு கேட்கும் தங்கைகளுக்கும் வாங்கிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த 30 வருடத்தையும் சேர்த்து விலை கேளுங்கள்.

சென்ற கிழமை தம்பியின் வெப்பநிலைக் கொப்பியைத் தற்செயலாகப் புரட்டினேன். ஒவ்வொரு மாதத்தின் கடைசியிலும் சராசரி கணித்து எழுதியிருந்தான். எல்லாம் சரி. பரீட்சையில் அவன் பிழைவிட்ட கணக்கும், நான் கத்திக் கத்தி விளக்கிய கணக்கும் சராசரிதான். நான் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடி அதே இடத்தில் வைத்தேன்.

மறுபடி டிசம்பர் வந்துவிட்டது. வீட்டிலேயே சூடான இடம் தையல் அறைதான். அஸருக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் உம்மா கீரை ஆய்ந்துகொண்டு அங்கே வந்துவிடுவார். தம்பி அங்கேதான் பாடம் படிக்கிறான். நானும் என் உயிரியல் கொப்பியோடு அந்தக் குண்டு பல்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.