ஒரே பெயரில் இருவர்

சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியபோது மணி ஒன்று. தங்கை இன்னும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். டிங்கிக் கிருமியின் மரபணு பற்றி முதுகலை ஆய்வு செய்கிறாள். திங்கட்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் காட்ட வேண்டும்.

“கணக்கு உதைக்குதுக்கா. உள்ளே போனதுல பாதிகூட வெளியே வரல.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒலிவாங்கி மட்டும்தான். இருந்தாலும் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, “எனக்குப் புரியிற மாதிரி சொல்லு” என்றேன்.

டிங்கி மரபணு சுமார் 10,700 எழுத்துகள் நீளம். கருவி அதைத் துண்டு துண்டாக வாசிக்கிறது. ஒவ்வொரு துண்டையும் இரு முனைகளிலிருந்தும் வாசிக்கிறது. ஒவ்வொரு வாசிப்பும் மரபணுவில் எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதை ஒரு மென்பொருள் சொல்லிவிடும். அந்தப் பொருத்தங்களைத் துண்டின் பெயர் வாரியாகச் சேர்ப்பது அவள் எழுதிய நிரலின் வேலை. அதற்குப் பைத்தானில் அகராதி போன்ற ஓர் அமைப்பை எடுத்திருந்தாள். பெயரைக் கொடுத்தால் விவரம் உடனே கிடைக்கும்.

“ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா?” என்று கேட்டேன்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேயர் விருப்பப் பாடல்களைப் பெயர் வாரியாகப் பதிந்து வைப்பேன். ஒருநாள் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் அழைத்தார்கள். ஒருவர் கிள்ளான், மற்றவர் தெலுக் இந்தான். ஒருவரே மனம் மாறி மறுபடி அழைக்கிறார் என்று நினைத்து, முதல் பாடலை அழித்துவிட்டேன். மறுநாள் கிள்ளான் அம்மாவின் அழைப்பு வந்தது.

“நேத்து வீட்டுக்காரரோட முதல் வருஷத் திதிம்மா. அவருக்குப் பிடிச்ச பாட்டு வரும்னு பேரப்பிள்ளைங்களோட ரேடியோ பக்கத்துலயே இருந்தோம்.”

மன்னிப்புக் கேட்டு அன்றே பாடலை ஒலிபரப்பினேன். திதி போனது போனதுதான்.

தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். இரு முனை வாசிப்புக்கும் ஒரே பெயர்தான். ஒரு வாசிப்பே இரண்டு மூன்று இடங்களில் பொருந்துவதும் உண்டு. அவளுடைய அகராதியிலோ ஒரு பெயருக்கு ஒரே ஒரு விவரம்தான். அடுத்தது வந்ததும் முந்தையது அழிந்துவிடும். பிழை என்று கணினி ஒரு வார்த்தை சொல்லாது.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு பட்டியல் வைத்தாள். இப்போது எதுவும் அழியவில்லை. ஆனால், எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றியதில் நினைவகம் நிரம்பிக் கணினி திணறியது. ஆகவே, கோப்பை முதலில் ‘சாம்டூல்ஸ்’ கொண்டு பெயர் வரிசைப்படி அடுக்கினாள். ஒரே பெயருள்ளவை அடுத்தடுத்து வந்தன. ஒரு குழுவை வாசி, வேலையை முடி, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடு. கல்யாணப் பந்தி மாதிரிதான். ஒரு பந்தி எழுந்த பிறகு அடுத்த பந்தி உட்கார்ந்தால், சின்ன மண்டபமே போதும்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கணக்குச் சரியாக வந்தது.

திங்கட்கிழமை மாலை அழைத்தாள். “உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை?” என்பதுதான் பேராசிரியரின் முதல் கேள்வியாம். இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொன்னாளாம்.