வளர்ற பிள்ளைதானே என்றேன்

2021-இல் எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்கு மவுண்டன் பைக் வாங்கினேன். கடையில் நின்ற நேரம் முழுக்க அவளை ஒரு தடவைகூட அதில் ஏறி உட்காரச் சொல்லவில்லை. கை எட்டுகிறதா, கால் தரையில் ஊன்றுகிறதா என்று பார்க்கவில்லை. என் தப்பு அங்கே தொடங்கியது. அதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம்தான் உறுத்துகிறது.

கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய். சீட்டு எடுத்த பணத்தில் மற்ற செலவெல்லாம் போக அவள் அம்மா எண்ணி ஒதுக்கி வைத்தது. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம். பஸ்ஸுக்கும் கூட்டத்துக்கும் பயந்து ஊருக்கு ஊர் சைக்கிள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்திலும் சாயங்காலமானால் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தடித்த டயர் போட்ட சைக்கிள்கள் சுற்றும். மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "கல்லணை வரைக்கும் ஓட்டிட்டுப் போகணும்பா."

திருவானைக்கோவிலைத் தாண்டினால் திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வாழைத்தோப்புகளுக்கு நடுவே போகிற ரோடு அது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்திலிருந்து கல்லணை வரைக்கும் இந்தத் தீவு முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட சமதரை; ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடையாது. நிஜமான மலை வேண்டுமென்றால் துறையூர்ப் பக்கம் பச்சைமலைக்குப் போக வேண்டும், எண்பது கிலோமீட்டர் தள்ளி. ஆக அவளுக்குத் தேவைப்பட்டது களைப்பில்லாமல் தூரம் போகக்கூடிய லேசான சைக்கிள். அதை அவள் தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

திருச்சியில் நாங்கள் போன கடைக்காரர் விவரமானவர். "யாருக்கு சார்?" என்று கேட்டுவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்தார். "பாப்பாவுக்கு இருபத்துநாலு இஞ்ச் வீல்தான் சரியா இருக்கும்" என்று ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். பின்னால் ஷாக் இல்லை, சாதாரண ரப்பர் கட்டை பிரேக், ஏழு கியர். எட்டாயிரத்துச் சொச்சம். பூட்டும் ஹெல்மெட்டும் வாங்க மிச்சம் இருந்திருக்கும். என் கண் அதற்குப் பின்னால் நின்ற வண்டியில் இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இருபத்தோரு கியர், ஆரஞ்சும் கறுப்புமாகப் பெயின்ட். 26 இஞ்ச் வீல், 18 இஞ்ச் பிரேம். பதினாலாயிரம். "அது பெரியவங்க சைஸ் சார்" என்றார். "வளர்ற பிள்ளைதானே, அடுத்த வருஷம் சரியாயிடும்" என்றேன். யூனிபார்முக்கு அளவு கொடுக்கும்போது தையல்காரரிடம் சொல்கிற அதே பேச்சு. குறைந்த நாலாயிரத்தைத் தம்பியிடம் கைமாற்றாக வாங்கினேன். மனைவியிடம் பத்தாயிரம் என்றே சொன்னேன்.

ஏன் அதை எடுத்தேன்? எதிர்வீட்டுப் பையனின் சைக்கிளில் முன்னால் மட்டும்தான் ஷாக். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சின்ன வயதில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டியவன் நான். சொந்தச் சைக்கிள் என்பது வேலைக்குப் போன பிறகுதான். அந்தப் பழைய ஏக்கத்தை மகள் பெயரில் தீர்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகை சைக்கிளைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். குறைந்த விலையில் இரட்டை ஷாக் கொடுக்க வேண்டுமானால் வேறெங்கோ செலவைக் குறைத்தாக வேண்டும். பிரேம் கனமான இரும்பாகிவிடும். ஷாக் என்பது எண்ணெயோ காற்றோ கட்டுப்படுத்தாத வெறும் ஸ்பிரிங்காக இருக்கும். பெடலை மிதிக்கும்போதெல்லாம் அது அமுங்கி எழும். காலின் பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் ஸ்பிரிங்கிலேயே தீர்ந்துபோகும். முடிச்சு முடிச்சான டயர் சேற்றிலும் சரளையிலும் மண்ணைக் கவ்விப் பிடிக்கச் செய்தது. தார் ரோட்டில் அதுவே இழுத்துப் பிடிக்கும். எங்கள் சைக்கிளின் எடை இருபது கிலோவுக்குப் பக்கம். மகள் அப்போது முப்பத்தாறு கிலோ. எழுபது கிலோ ஆள் ஏறக்குறைய நாற்பது கிலோ வண்டியை மிதிப்பதற்குச் சமம் அது. அதை வைத்துக்கொண்டு கல்லணைக்குப் போ என்றேன்.

மவுண்டன் பைக் எப்படிப் பிறந்தது என்று படித்தபோது மனசு கனத்துவிட்டது. 1970-களில் கலிபோர்னியாவின் மாரின் கவுன்டியில் மலைப்பாதைகளில் இறங்கிப் பழகிய இளைஞர்கள் வைத்திருந்தது, அவர்கள் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட ஷ்வின் கம்பெனியின் பழைய இரும்புச் சைக்கிள்கள். காயலான் கடை விலைக்கு வாங்கியவை. 1976 அக்டோபரில் அவர்கள் முதல் பந்தயம் நடத்தியபோது பலருடைய வண்டியில் கியர்கூட இல்லை. பெடலைப் பின்பக்கம் மிதித்துப் பிடிக்கிற பிரேக் இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். புதிதாக அடைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார்கள். கையில் காசு சேரச்சேர அவர்கள் மாற்றியது பிரேக்கை, சேர்த்தது ஏற்றத்துக்கு உதவும் கியரை. அடுத்த வருஷம் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு பிரேம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் மவுண்டன்பைக்ஸ் என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். ஷாக் அப்சார்பர் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. கையில் காசில்லாதவர்கள், நிற்பதற்கும் ஏறுவதற்கும் என்ன வேண்டுமோ அதில் மட்டும் காசைப் போட்டு உண்டாக்கிய வண்டி. அதே அளவு நெருக்கடியில் இருந்த நான், பார்க்கிறவர்களுக்காகக் காசைப் போட்டேன்.

மகள் முயற்சி செய்யாமல் இல்லை. அடையவளஞ்சான் தெருவில் திண்ணை ஓரமாக வண்டியைச் சாய்த்து, திண்ணையில் ஏறி நின்று, அங்கிருந்து சீட்டுக்குப் போவாள். நிறுத்த வேண்டுமென்றால் மறுபடி ஏதாவது ஒரு திண்ணை வேண்டும். கியர் மாற்றுகிற கட்டையைப் பெருவிரலால் அழுத்த அவளுக்குப் பலம் போதவில்லை; எப்போதும் ஒரே கியரில் ஓட்டுவாள். நான் "இருபத்தோரு கியர் இருக்கு, உபயோகிக்கத் தெரியலையே" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சைக்கிளில் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். திருவானைக்கோவில் ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்தது. அவள் விரல்களை நீட்டிப் பிரேக் பிடியைத் துழாவுவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. விரல் நுனிதான் பட்டது. அதில் என்ன பலம் இருக்கும்? காலை ஊன்றப் பார்த்தாள். கால் எட்டாமல் வண்டியோடு ஓரத்தில் சாய்ந்தாள். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடினேன். கேட்டது இதுதான்:

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சரளையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே, "டிஸ்க் மட்டும் லேசா உரசுதுப்பா" என்றாள். முழங்காலைப் பற்றி அவளும் சொல்லவில்லை. நான் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அவள் முழங்கால் சிராய்ப்பை வீட்டில் அவள் அம்மாதான் முதலில் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் சைக்கிளை எடுக்கவில்லை. நான் அவளைத் திட்ட ஆரம்பித்தேன். நல்ல உதாரணங்களைக்கூடக் கெட்டதற்கு உபயோகித்தேன். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் பழக வைத்தார். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் நர்ஸுகளும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். "சேலையோட ஆம்பிளை சைக்கிளை ஓட்டினாங்க, உனக்கென்ன கேடு?" என்று கேட்டேன். அந்தப் பெண்களில் பலர் ஆண்கள் சைக்கிளை விரும்பியே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போகலாம் என்பதற்காக. தங்கள் பிழைப்புக்கு எது தோது என்று தாங்களே பார்த்து எடுத்தார்கள். என் மகளுக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை. அதை மட்டும் மறைத்துவிட்டு மீதிக் கதையை அவளிடம் சொன்னேன்.

உச்சமாக ஒன்று செய்தேன். உறவுக்காரர் கல்யாணத்தில், பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது யாரோ பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். "பதினாலாயிரம் போட்டுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், மிதிக்க மாட்டேங்குறா. சுத்தச் சோம்பேறி" என்றேன். மகள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மனைவியும் அங்கேதான் இருந்தாள். பதினாலாயிரம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று இரவு பணத்தைப் பற்றி அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் என்னிடம் நேரான பதில் இல்லை.

விற்றுவிடலாம் என்று முடிவாகி, காற்றுப்போன டியூபை மாற்ற வண்டியை எங்கள் பகுதிப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு கையால் வண்டியைத் தூக்க வந்து, பிறகு இரண்டு கையும் போட்டார். "யாரு சார் ஓட்டுறா?" மகள் என்றேன். மகளை அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் பிரேக் பிடியை அழுத்திப் பார்த்தார். பிடி ஹேண்டில்பாரோடு சேருகிற இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு ஸ்க்ரூ. ஆலன் கீயை எடுத்து அதை உள்ளே விட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி ஹேண்டில்பாரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது.

"இதை முன்னாடியே திருகியிருந்தா பாப்பா கைக்கு எட்டியிருக்கும் சார்."

அதற்கு அவர் காசு வாங்கவில்லை. சைக்கிள் பெரிது என்பது அந்த ஸ்க்ரூவால் மாறியிருக்காது. ஆனால் மேம்பாலத்தில் அவள் விழுந்திருக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை பிரேக்கைத் துழாவுவதைக் கண்ணால் பார்த்தும், ஏன் எட்டவில்லை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டிருந்தேன்.

வண்டியை ஒரு கல்லூரிப் பையனுக்கு ஐயாயிரத்துக்குக் கொடுத்தேன். எடையையும் ஸ்பிரிங்கையும் பற்றி அவனிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது குறைந்த காசில் பிள்ளைக்கு முதல் கியர் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றால், கூடப் போகிறேன். பிள்ளையைப் பிரேமின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு நிற்கச் சொல்கிறேன். பாதம் முழுக்கத் தரையில் பதிந்து, பாருக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பிடியை இரண்டு விரலால் அழுத்திக் காட்டச் சொல்கிறேன். வண்டியைத் தானே தூக்கி ஒரு படி ஏற்ற முடிகிறதா என்று பார்க்கிறேன். பத்து, பன்னிரண்டாயிரத்துக்குள் என்றால் பின் ஷாக் உள்ள எதையும் தொட வேண்டாம் என்கிறேன். முன் ஷாக்கும் இல்லாமல் இருந்தால் எடை இன்னும் குறையும், அந்தக் காசு பிரேக்குக்கும் டயருக்கும் போகும். கிடைத்தால் நல்ல கம்பெனியின் செகண்ட் ஹேண்ட் வண்டி, புதிய மட்டமான வண்டியைவிட மேல். பிரேமில் வெல்டிங் விரிசல் இல்லாமல், சக்கரம் கோட்டமில்லாமல் சுற்றினால் போதும். ஹெல்மெட்டுக்குக் காசை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஹெல்மெட் வாங்க அது கைகொடுக்கும். வாங்கி ஒரு மாதம் ஓடியதும் கேபிள்கள் தளர்ந்திருக்கும். கியரையும் பிரேக்கையும் ஒரு தடவை செட் செய்தே ஆக வேண்டும். நான் அதையும் செய்யவில்லை.

மகள் பிளஸ் ஒன் போனபோது அரசாங்கத்தின் இலவச சைக்கிள் வந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம். கியர் கிடையாது, ஷாக் கிடையாது, முன்னால் ஒரு கூடை. தாழ்ந்த பிரேம், ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் ஊன்றின. முதல் வாரமே டியூஷனுக்கு அதில்தான் போனாள். பொங்கல் விடுமுறையில் சிநேகிதிகளோடு கல்லணைக்கும் போய்விட்டு வந்தாள். நான் கூடப் போகவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சைக்கிளுக்காக, மேம்பாலத்தில் முதலில் கேட்ட கேள்விக்காக, கல்யாண வீட்டில் சொன்ன வார்த்தைக்காக. சைக்கிளை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கடைக்காரர் முதல்ல காட்டினாரே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சுப்பா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். மேம்பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டைப் பற்றி மட்டும், "அத்தை வீட்ல எல்லாரும் இன்னும் என்னை அப்படித்தான்பா கூப்பிடுறாங்க" என்றாள்.

அவர்களிடம் நான் இன்னும் பேசவில்லை. பேச்சை எடுக்கப் போய்ப் போய்த் திரும்பிவிடுகிறேன். அந்த வீட்டில் இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: அவள் சோம்பேறி இல்லை. அளவு பார்க்காமல் வாங்கியவன் நான். பழியை அவள் மேல் போட்டவனும் நான்தான். இனி அவளை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.