சுவருக்கு மேலால் வந்த பாட்டுகள்

எண்பதுகளின் நடுவில் மேற்கு பெர்லினுக்கு வந்த ஈழத்தமிழரில் மிகப் பலர் கிழக்கு வழியாகத்தான் வந்தோம். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கையில் கிழக்கு ஜெர்மனி தந்த ட்ரான்சிட் விசா. பிரெட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் கிழக்குக் காவலர் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். மேற்குப் பக்கத்தில் மறிக்க ஆளில்லை. பெர்லின் சுவரை ஒரு நாட்டின் எல்லையாக ஏற்பதில்லை என்பது மேற்குத் தரப்பின் கொள்கை. எல்லையே இல்லையென்றால் எல்லைச் சோதனை ஏது? 1985 ஜூலையில் கிழக்கு அந்த வாசலைச் சாத்தியது. நான் அதற்குச் சற்று முந்தி வந்து சேர்ந்துவிட்டேன். சொந்தப் பிள்ளைகள் தாண்டினால் சுடுகிற சுவர், 83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து ஓடிவந்த எனக்கு வழிவிட்டது. இன்றைக்கும் என்னால் இதைச் சும்மா நினைத்துவிட்டு நகர முடிவதில்லை.

அசூல் என்ற அகதித் தஞ்சம் கேட்டவனுக்கு அப்போது வேலை செய்ய அனுமதியில்லை. ஹைம் என்ற அகதி விடுதியில் ஓர் அறைக்குள் நான்கு பேர். பழைய பொருட்சந்தையில் வாங்கிய ரேடியோ கசற்தான் எங்களுக்குத் துணை. அமெரிக்கப் படையினருக்காக நடந்த வானொலியில் நாள் முழுக்க ரொக் போகும். குயீன், யூ2, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் எல்லாரும் எனக்கு அந்த அறையில்தான் பழக்கமானார்கள்.

1987 ஜூனில் பெர்லினின் 750ஆவது ஆண்டையொட்டி, சுவரோடு ஒட்டி நின்ற பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் மூன்று நாள் இசைவிழா. 6ஆம் தேதி டேவிட் போவி, 7ஆம் தேதி யூரித்மிக்ஸ், 8ஆம் தேதி ஜெனிசிஸ். டிக்கெட் வாங்க எங்களிடம் காசு இல்லை. போவி பாடிய இரவு பூங்காப் பக்கத்து மரங்களுக்குக் கீழே நின்று கேட்டோம். பத்து வருடத்துக்கு முன்னர் அதே சுவருக்குக் கிட்ட இருந்த ஹன்சா ஸ்டூடியோவில் அவர் பதிவுசெய்த ‘ஹீரோஸ்’ பாட்டையும் பாடினார். சுவரடியில் சந்திக்கும் காதலர்களின் பாட்டு அது. மறுபக்கத்து நண்பர்களுக்கும் ஜெர்மன் மொழியில் வாழ்த்துச் சொன்னார்.

அந்த நண்பர்கள் உண்மையாகவே வந்து நின்றிருந்தார்கள். உன்ரர் டென் லின்டன் வீதியில் கூடிய இளைஞர்களைக் காவல்துறை அடித்துக் கலைத்தது. மூன்றாம் இரவு, சுவர் போகவேண்டும் என்று கோஷம் எழுந்தது. பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று அங்கே நின்ற ஒருவரோடு பின்னாளில் ஒரே இடத்தில் வேலை செய்தேன். காற்று தங்கள் பக்கம் வீசியபோது மட்டும்தான் பாட்டுக் கேட்டது, மற்ற நேரம் வெறும் டிரம்ஸ் சத்தம் என்றார். அங்கே நின்றதற்காக அவர் ஒரு நாள் அடைபட்டிருந்தார்.

அந்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. 21ஆம் தேதி யாழ் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர்க் கடிதங்கள் நின்றுபோயின. ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ கசற்றை அந்த நாட்களில்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். போக்லாந்துப் போர்க்காலத்தில் மார்க் நொப்ளர் எழுதிய பாட்டு. போர்க்களத்தில் சாகப்போகும் சிப்பாய் ஒருவன் பேசுகிறான். என்னோடு அதே அறையில் இருந்த சாவகச்சேரி அண்ணைக்கு இங்கிலீஷ் தெரியாது. கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்:

“தம்பி, உது செத்தவீட்டுப் பாட்டெல்லே?”

“ஓமண்ணை.”

“நிப்பாட்டாதை.”

அவருடைய தம்பி அந்த மாதம் இறந்துவிட்டான் என்ற செய்தி மார்கழியில்தான் வந்தது. அந்தக் கிட்டார் தொடங்கினால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். எண்பதுகளின் பாட்டுகளைக் கொண்டாட்டமாக நினைவுகூருபவர்களோடு நானும் இருந்து கேட்பேன். இந்த ஒன்று மட்டும் வரும்போது எழுந்துபோவேன்.

1988 ஜூலை 19இல் கிழக்கு பெர்லினின் வைசன்சே திடலில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாட, முந்திய வருடம் இளைஞரை அடித்துக் கலைத்த அரசே அனுமதி கொடுக்கவேண்டி வந்தது. இலட்சத்துக்கு மேல் சனம். மறு வருடம் நவம்பர் 9இல் சுவர் திறந்தது.

2016 ஜனவரியில் போவி இறந்தபோது, சுவரை விழுத்த உதவியதற்காக ஜெர்மன் வெளியுறவு அமைச்சு அவருக்கு நன்றி சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போவி பாடிவிட்டுப் போனார். காற்றில் வந்த பாட்டைக் கேட்க நின்று அடிவாங்கியவர்கள் மறுபக்கத்துப் பொடியள். அந்த நன்றியில் பெரும்பங்கு அவர்களுக்கே சேரவேண்டும்.