எழுதி வைத்தால் மட்டும் போதுமா?

புதிய அரசியலமைப்பு வரும் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. பேச்சு எழும் ஒவ்வொரு முறையும், "உரிமைகளை எழுத்தில் போட்டுவிட்டால் பிறகு யாரும் கை வைக்க முடியாது" என்று நண்பர்கள் பதிவு போடுகிறார்கள். ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்குக் குடியியல் படிப்பிக்கும் என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. இந்த மலையில் நடந்தது வேறு.

பிரித்தானியாவில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை. அங்கே பாராளுமன்றம் எந்தச் சட்டத்தையும் ஆக்கலாம், நீக்கலாம். பாராளுமன்ற இறைமை என்பது இதுதான். சுதந்திரத்தோடு நமக்குக் கிடைத்த சோல்பரி அரசியலமைப்போ எழுதப்பட்டது. ஓர் இனத்தவர் மீதோ மதத்தவர் மீதோ மற்றவர்களுக்கு இல்லாத தடையைப் போடும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்று அதன் 29(2) பிரிவு சொன்னது. முஸ்லிம்களாகிய எங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காப்பு.

1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இங்கே பிறந்தவராக இருந்தாலும், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர் அதற்கு அத்தாட்சி எங்கே தேடுவார்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947இல் நுவரெலியாவில் தொண்டமான் வென்றிருந்தார். வேறு மலையகத் தொகுதிகளிலும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றிருந்தது. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தீர்ப்பு வந்தது. யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு பாராளுமன்றத்துக்கு இயல்பாக உரிய வேலை. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆகவே 29(2) மீறப்படவில்லை என்றார்கள்.

கவனியுங்கள், எழுத்து இருந்தது. சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு இருந்தது. நீதிபதிகள் சட்டத்தின் சொல்லைப் பார்த்தார்கள்; அது யார் தலையில் விழுந்தது என்பதற்கு எடை கொடுக்கவில்லை.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சியோருக்கு அப்போது முடிவே இல்லை. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டன்மாருடைய கதை இது.

29(2) பிரிவு 1972 அரசியலமைப்பில் இல்லாமல் போனது. 1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அதன் 80(3) உறுப்புரை, ஒரு சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. சட்டமூலமாக இருக்கும்போதே, குறுகிய காலத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு வர்த்தமானி எப்போது கண்ணில் படும்? இந்தியாவில் நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது எனலாம்.

ஆகவே, அடுத்த வரைபு வெளிவரும்போது உரிமைகள் அத்தியாயத்தோடு வாசிப்பை நிறுத்தாதீர்கள். நிறைவேறிய சட்டத்தை ஒரு சாதாரண ஆள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போக முடியுமா? சட்டத்தின் விளைவையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? இந்த இரண்டையும் தேடுங்கள். இல்லாவிட்டால் ஆலோசனை கேட்கும் காலத்திலேயே எழுதி அனுப்புங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.